குணமடைந்து வீடு திரும்பினார்

டிசம்பர் 3

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. போனில் கூப்பிட்டால் நான் கத்துவேன், நீ அழுவாய், காரியம் நடக்காது. அதனால்தான் காகிதம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

பேரன் போய் இன்றோடு இருபத்தைந்து நாள். மூன்றாம் நாளே நான் கடை திறந்துவிட்டேன். "மனுஷனா இவன், பேரனைக் கொடுத்துட்டு வாளி விக்க உக்காந்துட்டான்" என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும். வீட்டில் இருந்தால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு வாளியைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

உன் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்திருக்கிறேன். உன் மேல் இல்லை, பயப்படாதே. அந்தக் கண்ணாடி போட்ட டாக்டரம்மா மேல். ஆறு வயசுப் பிள்ளை டெங்குக் காய்ச்சலோடு வந்தான். நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை ‘குணமடைந்து வீடு திரும்பினார்’ என்று சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை இல்லை. இதில் வாதாட என்ன இருக்கிறது? ஓட்டை டிரம்மைக் கொடுத்து, "தண்ணி நிக்கும், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று நான் சொன்னால் சும்மா விடுவார்களா என்னை?

சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நகல் போட்டுப் புகாரோடு கொடுத்துவிட்டேன். இப்போது உன் வார்டுப் பதிவேட்டில் அந்த ஒரு வரியின் நகல் வேண்டும். அதை எழுதுகிறவள் நீதானே. சீட்டும் பதிவேடும் ஒரே பேச்சைப் பேசினால் எதிராளிக்கு வாய் திறக்க இடமிருக்காது. முப்பது வருஷம் வியாபாரம் செய்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

"அத்தை வாங்கித் தருவா" என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை மட்டும் கடல் தாண்டி இருந்துகொண்டு போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "யார் மாமா அனுப்பினது? யார்?" அவருக்கு நான் ஒரு பேர் சொல்லியாக வேண்டும்.

நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பு.

அண்ணன்


டிசம்பர் 9

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. மூன்றாம் கட்டில் குழந்தைக்குச் சளி உறிஞ்ச வேண்டிய நேரம். நான் படித்துக்கொண்டே நின்றதைப் பார்த்துவிட்டு இன்னொரு சிஸ்டர் குழாயை வாங்கிக்கொண்டாள்.

பதிவேட்டின் நகலை நான் தர முடியாது. அது பில் புத்தகம் இல்லை, ஒரு தாளைக் கிழித்துக் கொடுப்பதற்கு. அது என்ன என்று தெரிந்துகொண்டாவது கேளுங்கள்.

எங்கள் பிரிவில் பன்னிரண்டு கட்டில். வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. வயது, எடை, எங்கிருந்து வந்தது, நோய் தொடங்கி எத்தனையாவது நாளில் வந்தது, என்ன நோய், மூச்சுக் கருவி வைத்தோமா, எத்தனை நாள் இருந்தது, எந்த டாக்டர் அனுப்பினார். கடைசியில் ‘முடிவு’. அந்த இடத்தில் நாலே வாசகங்களில் ஒன்றைத்தான் எழுதலாம். குணமடைந்து வீடு திரும்பினார். வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். ஆலோசனையை மீறி அழைத்துச் செல்லப்பட்டார். இறந்தார். ஐந்தாவதாக ஒன்று கிடையாது.

பெரிய டாக்டர் இரண்டு வருடப் பதிவேட்டை வைத்து ஓர் ஆய்வு எழுதுகிறார். எந்த நோய், எந்த மாதம், எந்த வயது, யார் பிழைக்கிறார்கள், யார் பிழைப்பதில்லை என்று. எண்ணிக் கொடுத்தது நான்தான். நானூற்றுப் பதினெட்டுக் குழந்தைகள். கிட்டத்தட்டப் பாதி ஒரு வயது நிரம்பாதவை. நிமோனியாதான் முதலில் நிற்கிறது. அடுத்து ரத்தத்தில் கிருமி. பிறகு வலிப்பு. மழை மாதங்களில் டெங்கு. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த பெயிண்ட் தின்னரைக் குடித்த குழந்தைகள் மட்டும் பதினாறு. எழுபத்தொரு பேர் இறந்தார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேர் வந்த முதல் நாளே. அவர்களை நாங்கள் இழந்தோம் என்று சொல்வதா, வரும்போதே இழந்துவிட்டு வந்தார்கள் என்று சொல்வதா, தெரியவில்லை. எண்ணும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் வந்தது. மூன்று நாளில் முடிக்க வேண்டியதைப் பதினோரு நாள் எண்ணினேன்.

நம் பிள்ளை முந்நூற்றுத் தொண்ணூற்றேழாவது வரி. சனிக்கிழமை எழுதிய நானூற்று இரண்டாவது வரியும் அவன்தான்.

அண்ணா, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். பால் கொடுக்கிறவள்.

தங்கை


டிசம்பர் 14

தங்கச்சிக்கு,

எழுபத்தொன்று! எனக்கு ஒரு லாரி சரக்கு வருகிறது, நானூற்றுப் பதினெட்டு வாளி. அதில் எழுபத்தொன்று உடைந்திருந்தால் டிரைவரை இறங்கவே விட மாட்டேன். நீ என்னடா என்றால் அதை எண்ணி, கோடு போட்டு, பெரிய டாக்டருக்குப் புத்தகம் எழுதக் கொடுக்கிறாய். பாராட்டு விழா எப்போது?

எனக்கு அந்த எழுபது வேண்டாம். ஒன்று போதும். அந்த ஒன்றைப் பற்றிக் கேட்டால் நீ எனக்கு நிமோனியா பாடம் நடத்துகிறாய்.

புகாரை வாங்க மாட்டேன். எழுதிக்கொள்.

‘உங்களுக்குத் தெரியும் எனக்கும் தெரியும்’ என்று பூடகமாக எழுதுவதெல்லாம் என்னிடம் வேண்டாம். எனக்குத் தெரிந்தது ஒரு சீட்டு. முத்திரை உண்டு, தேதி உண்டு, அனுப்பிய டாக்டர் பேர் உண்டு. என் கையெழுத்து எங்கேயாவது உண்டா? பார்த்துச் சொல். முதல் கடைக்கு வாடகை பேசும்போது வீட்டுக்காரன் நீட்டின காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, எட்டு மாசத்தில் தெருவில் நின்றவன் நான். வாளிகளை நடைபாதையில் அடுக்கி, அதன் மேல் நீதான் உட்கார்ந்து படித்தாய், ஞாபகம் இருக்கிறதா? அன்றையிலிருந்து எனக்கு எதிராகத் திரும்பக்கூடிய எந்தக் காகிதத்திலும் நான் கை வைத்ததில்லை.

சைக்கிளில் வாளி கட்டி வீதி வீதியாக மிதித்து உன்னை நர்சு படிக்க வைத்தேன். அதை இதுவரை நான் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்லிக்காட்டுகிறேன். யார் பக்கம் நீ? நேற்று வந்த கண்ணாடிக்காரி பக்கமா?

புதுக் கடையில் அவன் படத்தை மாட்டியிருக்கிறேன். ரிப்பன் வெட்டுகிற படம். கத்திரிக்கோல் அவன் முழங்கை நீளம் இருக்கிறது. கடைப் பையன்கள் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ‘குட்டி முதலாளி’ என்று அவனைக் கூப்பிட்டுக் கெடுத்தவர்கள் அவர்கள்தான். பழைய கடையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, இன்னிக்கு வியாபாரம் மந்தமா?" என்று கேட்பான். அந்த நாற்காலியைக் கிடங்கில் போட்டுவிட்டேன்.

நகல் வரவில்லை என்றால் வேறு வழியில் வாங்கத் தெரியும் எனக்கு.

அண்ணன்


டிசம்பர் 22

அண்ணனுக்கு,

வேறு வழியில் நகல் வாங்கிவிட்டீர்கள். அலுவலகத்தில் சொன்னார்கள். நல்லது. ஜனவரி 12, காலை பத்து மணிக்கு விசாரணை. கண்ணாடி டாக்டரம்மாவை அதுவரை வார்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று பெரிய டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஆய்வின் ஒரு பக்கத்தைக் காட்டினார். டெங்கு வந்த குழந்தைகள் ஐம்பத்தேழு. இறந்தவர்கள் ஒன்பது. வீட்டுக்குப் போய் இரண்டு நாளுக்குள் திரும்பி வந்தவர்கள் ஆறு பேர். ஆறில் ஐந்து பேர் அந்த ஒன்பதில் இருக்கிறார்கள். "பாருங்க சிஸ்டர், இந்த ஆறுல அஞ்சு பேரை வீட்டுக்காரங்க மீறிக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஒரே ஒரு குழந்தையைத்தான் குணமாச்சுன்னு நம்மளே அனுப்பியிருக்கோம். காய்ச்சல் விட்ட அன்னிக்கே. எந்த மடையன் அப்படி அனுப்புவான்?" என்றார். நான் அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்த மடையன் என்று உனக்கு நான் சொல்கிறேன். ‘நீ’ என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். நடைபாதை வாளி மேல் உட்கார்ந்திருந்தபோது உன்னை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன்.

நவம்பர் 6, வியாழன். காலையில் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான். டாக்டரம்மா உன்னிடம் என்ன சொன்னாள்? "ஐயா, காய்ச்சல் விட்டுதுன்னு சந்தோஷப்படாதீங்க. இந்த நோயில காய்ச்சல் விட்டப்புறம்தான் ஆபத்தே ஆரம்பிக்குது. ரத்தக் குழாயிலருந்து தண்ணி கசியும். ரெண்டு நாள் கண்ணை எடுக்காம பாக்கணும்." நீ என்ன சொன்னாய்? "நாளைக்குப் பத்து மணிக்குக் கடைத் திறப்பு டாக்டரம்மா. ரிப்பன் வெட்டப் போறதே இவன்தான். நோட்டீஸ்ல படம் போட்டு ஊரெல்லாம் ஒட்டியாச்சு." அவள் சிரித்துவிட்டு, "நோட்டீஸ் ரத்தத் தட்டணுவை ஏத்தாது ஐயா" என்றாள். அதற்குள் ஏழாம் கட்டில் குழந்தைக்கு வலிப்பு வந்து ஓடினாள்.

அவள் ஓடின பிறகு நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "ஆஸ்பத்திரிக்காரங்க சரக்கைக் கையில வெச்சுக்கிட்டே இருக்கத்தான் பாப்பாங்க. பதினேழு வருஷமா இங்க இருக்கே, உன் பேச்சுக்கு இவ்வளவுதான் மதிப்பா? பெட்பேன் தூக்க மட்டும்தான் வெச்சிருக்காங்களா உன்னை?" என்றாய். நான் மீறிப்போகும் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். நீ நின்றபடியே இரண்டு தடவை படித்தாய். "‘என் சொந்தப் பொறுப்பில்’னு போட்டிருக்கே. இதுல நான் கை வைக்க மாட்டேன். கைக்குழந்தையோட வீட்ல இருக்கற பொண்ணு நாளைக்கு இதைப் பாத்தா என்ன நினைப்பா? நீயே நல்லபடியா ஒரு சீட்டு எழுதிக் கொடு. பிள்ளை குணமா உக்காந்திருக்கான்ல? கண்ணால பாக்கறதைத்தானே எழுதச் சொல்றேன்."

எழுதினேன். பதினேழு வருடத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பெற்றோரிடம் "முடியாது, டாக்டர் சொல்லணும்" என்று சொன்ன வாய் அன்று திறக்கவில்லை. அனுப்பிய டாக்டர் என்ற இடத்தில் கை தன் பாட்டுக்கு அன்றைய டாக்டர் பெயரை எழுதியது. முத்திரையும் குத்தினேன்.

அவள் திரும்பி வந்து, "எங்க அந்தக் குழந்தை?" என்றாள். "வீட்டுக்குப் போயிட்டாங்க." "யாரு அனுப்பினா?" நான் பதில் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கட்டிலில் அதற்குள் இன்னொரு கைக்குழந்தையைக் கிடத்தி மூச்சுக் குழாய் போடக் காத்திருந்தார்கள். அவள் அங்கே போய்விட்டாள். அதைப் பற்றி ஒரு வரி அவள் எழுதி வைத்திருந்தால் இன்று தப்பித்திருப்பாள். எழுத நேரமில்லை. உன் புகாரில் அதற்கு ‘அலட்சியம்’ என்று பெயர் வைத்திருக்கிறாய்.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை அவனைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தபோது அந்தச் சீட்டைத்தான் நீ முதலில் நீட்டினாய். "முந்தாநாள்தான் இங்கயே குணமாகிப் போனோம் டாக்டர், இப்ப வயித்து வலிங்கிறான்." அங்கிருந்த டாக்டர் சீட்டைப் படித்தார். குணமடைந்து என்று இருந்தது. வயிற்று வலிக்கு மருந்து கொடுத்து வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார். நாற்பது நிமிஷம். நான் டூட்டிக்கு வந்து உங்களைப் பெஞ்சில் பார்த்தபோது அவனுக்கு நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. ரத்தக் குழாய் எதுவும் கிடைக்காமல் கால் எலும்பில் ஊசி இறக்கினோம். ஊசியை டாக்டரம்மா இறக்கினாள், காலைப் பிடித்துக்கொண்டது நான்.

மீறிப் போனார் என்று அந்தச் சீட்டில் இருந்திருந்தால் வாசலிலேயே அவனை வாங்கியிருப்பார்கள். அந்த நாற்பது நிமிஷத்தை நான் எழுதிக் கொடுத்தேன், நீ எடுத்துப்போய்க் காட்டினாய்.

12ஆம் தேதி நான் உண்மையைச் சொல்லப்போகிறேன். உன் அனுமதி கேட்கவில்லை. முன்கூட்டிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தங்கை


டிசம்பர் 29

தங்கச்சிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கிடங்கில், தார்ப்பாய்ச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். கடைப் பையன் இரண்டு தடவை தேடிவிட்டு "முதலாளி இல்லை" என்று யாரையோ அனுப்பிவிட்டான்.

நாற்பது நிமிஷம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது நாற்பது நிமிஷமாகத் தெரியவில்லை. பெஞ்சில் அவன் என் மேல் சாய்ந்திருந்தான். எதிரே ஒரு சின்னப் பெண்ணுக்குக் கையில் கட்டு போட்டிருந்தது. "தூங்கறான், விடுங்க, தூங்கினா நல்லதுதான்" என்று அவள் அம்மா சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

நீ எழுதியது எதையும் நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நீ சிரிப்பாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் இருநூறு பேர். ரிப்பனுக்குப் பின்னால் அவனை ஸ்டூல் மேல் நிறுத்தி, கத்திரிக்கோலோடு சேர்த்து அவன் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது. ஐஸ் பெட்டிக்குள் விட்டு எடுத்த மாதிரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் நின்ற பெயிண்ட் கடைக்காரரிடம், "தொட்டுப் பாருங்க, காய்ச்சல் சுத்தமா போயிடுச்சு, கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு" என்று காட்டினேன். அவரும் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, ஜம்முனு ஆயிட்டான்" என்றார்.

அவன் என் காதருகே குனிந்து, "தாத்தா, வயிறு வலிக்குது. வீட்டுக்குப் போலாம். அம்மாகிட்ட போலாம்" என்றான். "ஒரு நிமிஷம் நில்லுடா முதலாளி, போட்டோ எடுத்துக்கட்டும்" என்றேன். நின்றான். அழவில்லை. அப்புறம் எனக்கு ஆள் மாற்றி ஆள் கை கொடுத்தார்கள், நான் மறந்துவிட்டேன். பழைய கடையிலிருந்து கொண்டுவந்த சுழல் நாற்காலியில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தான். சுழலவில்லை.

படத்தில் அவன் என்னைத்தான் பார்க்கிறான், கேமராவை இல்லை. கழற்றிவிடலாம் என்று ஏறினேன். கழற்ற முடியவில்லை.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். பிப்ரவரியில் மாப்பிள்ளை வருகிறார். பெண்ணையும் குழந்தையையும் கூட்டிப்போகப் போகிறார். அவள் அந்தப் பக்கம் போன பிறகு நீ என்ன வேண்டுமானாலும் சொல். அது வரைக்கும் சீட்டு எழுதியதில் ஏதோ தவறு நடந்துவிட்டது, யார் எழுதினார்கள் என்று நினைவில்லை என்று சொல்லிவிடு. டாக்டரம்மாவுக்கும் பாதகமில்லை, உனக்கும் பாதகமில்லை. நான் புகாரை வாங்கிக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தால்தான் பேரம் முடியும்.

அவளுக்கு அம்மா இல்லை. பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டாள். அப்பன் என்று ஒருத்தன் மிச்சம் இருக்கிறேன். அதையும் எடுத்துவிடாதே.

அண்ணன்


ஜனவரி 5

அண்ணனுக்கு,

பேரம் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணி, நிர்வாகக் கட்டடம், முதல் மாடி. வந்தால் பக்கத்தில் உட்காருங்கள். வராவிட்டாலும் நான் சொல்வது மாறாது.

தங்கை


ஜனவரி 14

அண்ணனுக்கு,

வந்தீர்களாமே. வாட்ச்மேன் சொன்னார். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய கவர், அரை மணி நேரம் கேட் பக்கத்தில் நின்றுவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாராம். கவரில் என்ன இருந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். படமாக இருக்கும்.

அதிக நேரம் ஆகவில்லை. சொல்ல எனக்கு ஏழெட்டு நிமிஷம்தான் பிடித்தது. இரண்டு மாதமாகத் தொண்டையில் இருந்தது, வெளியே வந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தது. ஒருவர், "அண்ணன்கிறதால எழுதினீங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "வேற யாராவது கேட்டிருந்தா?" "படிவத்துல கையெழுத்து வாங்காம கட்டிலை விட்டு இறக்கியிருக்க மாட்டேன்." அவர் அதை எழுதிக்கொண்டார். ஊரார் பிள்ளைக்கு நான் நல்ல நர்சு. நம் பிள்ளைக்கு நான் உங்கள் தங்கை.

என்னை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேற்கொண்டு முடிவாகும் வரை துணிக் கிடங்கில் வேலை. சலவைக்குப் போகிற போர்வையை எண்ண வேண்டும், வருகிற போர்வையை எண்ண வேண்டும். போகிற எண்ணிக்கையும் வருகிற எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. அது ஒரு நிம்மதி.

டாக்டரம்மா மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். அவள் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்திருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். அறையில் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிடுங்க" என்றேன். "அன்னிக்கே உங்களுக்கு ஒரு வார்த்தை வந்திருந்தா போதும் சிஸ்டர்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டேப் இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். குழந்தைகள் பக்கமே இனி போவதில்லையாம்.

முந்நூற்றுத் தொண்ணூற்றேழாவது வரியைத் திருத்தியாகிவிட்டது. பழைய வாசகத்தின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சிவப்பு மையில் புதிது, கீழே பெரிய டாக்டர் கையெழுத்து. அடித்த வாசகமும் படிக்கிற மாதிரிதான் இருக்க வேண்டும், அது விதி. ஆய்வில் அந்தப் பக்கத்தையும் மாற்றிவிட்டார். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் ஆறு, ஆலோசனையை மீறிப் போனவர்கள் ஆறு. இப்போது ஒழுங்காகப் பொருந்துகிறது.

டாக்டர் சொன்னதை மீறிப் பிள்ளையை அழைத்துப் போனதாக உங்களுக்கு ஒரு வாக்குமூலப் படிவம் தபாலில் வரும். புகார் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கட்டாயம் இல்லை. போடாவிட்டால் யாரும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தங்கை


பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை வந்து, மகளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நேற்று போய்விட்டார். டாக்ஸியில் பெட்டிகளை நான்தான் கயிறு போட்டுக் கட்டினேன். நம் கடைக் கயிறு. அறுக்கத்தான் முடியும், அவிழ்க்க முடியாது.

படிவம் வந்தது. இரண்டு பக்கம். நான் படிக்கவில்லை. கடையில் நின்றபடியே பேனாவை வாங்கி, அவர்கள் புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் போட்டேன். "முதலாளி, படிக்காமயா?" என்றான் கணக்குப்பிள்ளை. இருபது வருஷமாக என்னைப் பார்க்கிறவன், பயந்துவிட்டான். அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டேன்.

பிறகு மகளிடம் சொன்னேன். மாப்பிள்ளை வருவதற்கு நாலு நாள் முன்பு. நீ சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம், ஆஸ்பத்திரிக் காகிதம் வந்து தெரிய வேண்டாம் என்று நானே சொன்னேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னேன், உள்ளே போகவில்லை. டாக்டர் வேண்டாம் என்றதைச் சொன்னேன். நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன். படிவத்தைத் தொடாமல் உன்னை மிரட்டி எழுத வைத்ததைச் சொன்னேன். சீட்டைக் காட்டியதால் பெஞ்சில் உட்கார வைத்ததைச் சொன்னேன். சரக்கைக் கொட்டிக் காட்டுகிற மாதிரி ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கடைத் திறப்பு அன்னிக்கு அவன் உங்ககிட்ட ஏதாவது சொன்னானாப்பா? வலிக்குதுன்னு? என்கிட்ட வரணும்னு?"

எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா. சிரிச்சுக்கிட்டே இருந்தான்" என்றேன்.

தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. டாக்ஸியில் ஏறும்போது குழந்தையை என்னிடம் நீட்டவில்லை. படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே போனாள். அவன் யாரைப் பார்க்கிறான் என்று ஒருநாள் அவளுக்குத் தெரியும்.

நீ எழுதியதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் திருத்த உங்களிடம் ஒரு விதி இருக்கிறது. நான் சொன்னதை எங்கே போய் அடிப்பது?

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. கிழிக்காவிட்டால் டிசம்பர் 29ஆம் தேதிக் கடிதத்தோடு சேர்த்து வை. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் படிக்கிறவர்களுக்குப் புரியும்.

அண்ணன்